‘கிடைக்கவில்லை’ என்ற கந்தோர்

எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் அக்காவாக இருந்த நசீரா ராத்தா போன செய்தியை அவருடைய தம்பிதான் ஃபோனில் சொன்னார். “ராத்தா மௌத்தாயிட்டா. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வாங்கோ.” அடம்பனிலிருந்து பஸ் பிடித்து நான் சிலாவத்துறையில் இறங்கும்போது அடக்கம் முடிந்திருந்தது. வாசலில் நின்றவர்களோடு நானும் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு நடந்த அனுதாபக் கூட்டத்தில், கொழும்புக் கந்தோர், அந்த வீட்டுத்திட்ட அலுவலகம், அனுப்பிய அஞ்சலியை ஏன் வாசிக்கவில்லை என்று சங்கத்தவர்களான உங்களில் சிலர் கேட்டீர்கள். எரிச்சலோடுதான் பதில் எழுதுகிறேன்.

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய காலம் உங்களுக்குத் தெரியும். புத்தளத்திலிருந்து திரும்பி வந்த சனம் பற்றைக் காட்டை வெட்டித் தறப்பாளுக்குக் கீழே இருந்தது. பச்சைக் குழந்தையோடு ஒருத்தி ஈர மண்ணில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுத்திட்ட விண்ணப்பங்களை எங்கள் சங்கம் கொழும்புக்கு மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். அனுப்பியவர் ராத்தா, பக்கத்து மேசையில் நான். அனுப்பிவிட்டு ஃபோனில் கேட்கக் கேட்க அங்கிருந்து ஒரே பதில்: கிடைக்கவில்லை.

ராத்தா முதலில் எங்களைத்தான் சந்தேகப்பட்டார். முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அதே மின்னஞ்சலைத் தனக்கும் எனக்கும் அனுப்பினார்; வந்தது. படங்கள் பாரமோ என்று பிரித்துப் பிரித்து அனுப்பினார். ஒன்றும் திரும்பி வரவுமில்லை. “திரும்பி வராட்டி அங்க போய்ச் சேர்ந்திட்டுது. ஆரோ அமத்தி வச்சிருக்கினம்,” என்றார். அதற்குள் முடிவுத் திகதியும் கடந்துவிட்டது.

இருவரும் கொழும்புக்கு பஸ் ஏறினோம். வேண்டாத மின்னஞ்சல்கள் போய் விழுகிற குப்பைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார் ராத்தா. கந்தோரில் மின்னஞ்சல் பார்க்கிற எழுதுவினைஞன் வேண்டாவெறுப்பாகத் திறந்தான். எங்கள் விண்ணப்பங்கள் அத்தனையும், வந்த திகதியோடு, வாசிக்கப்படாமல் கிடந்தன. படமும் பத்திரமுமாக வந்து பெட்டி நிறைகிறதாம். தொல்லை தாங்காமல், எங்கள் முகவரியிலிருந்து வருவதெல்லாம் நேரே குப்பைக்குப் போக அவனே வழிசெய்து வைத்தானாம். கூச்சமில்லாமல் சொன்னான். சீ!

மேலதிகாரி அதைவிட அருவருப்பு. கிடைக்கவில்லை என்று எழுதியாயிற்று, இனி மாற்ற ஏலாது என்றார். ராத்தா அந்தத் திரையை ஃபோனில் படம் எடுத்திருந்தார். அதை மேசையில் வைத்தார்.

“சேர், உங்கட குப்பைக்குள்ள கிடக்கிறது எங்கட சனத்தின்ர வீடு. எடுத்துத் தராமல் நான் போகமாட்டன்.”

பின்னேரம் வரை அந்தக் கதிரையில் இருந்தார். தொழ மட்டும் எழும்பிப் போய், வந்து திரும்பவும் இருந்தார். கந்தோர் பூட்டுகிற நேரத்தில்தான் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து விழுந்தது. வீடுகள் வந்தன. குழந்தைக்காரிக்கும் ஒன்று. அவர்களிடமிருந்து ஒரு மன்னிப்பு வரவில்லை. அந்த எழுதுவினைஞனுக்குப் பதவி உயர்வு வந்ததாகக் கேள்வி.

அதன் பிறகு ராத்தாவிடம் நான் வாங்கிக் கட்டிய பேச்சுக்குக் குறைவில்லை. “அனுப்பிட்டன் எண்டு என்னட்டச் சொல்லாதேங்கோ தம்பி. ஃபோன் எடுத்துக் கிடைச்சதோ எண்டு கேளுங்கோ.” அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான். இன்றும் எதை அனுப்பினாலும் கேட்கிறேன்.

கூட்டத்தன்று காலை அதே மேலதிகாரி எனக்கு ஃபோன் எடுத்தார். ராத்தாவின் அரும்பணியைப் போற்றித் தாங்கள் எழுதிய அஞ்சலியை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கவேண்டுமாம். தேன் ஒழுகப் பேசிவிட்டு, “கிடைச்சதோ?” என்று கேட்டார். ராத்தாவின் கேள்வி, அந்த வாயில்.

அஞ்சலி என் முன்னால் திரையில் திறந்தபடி இருந்தது.

“கிடைக்கேல்லையே, சேர்,” என்றேன்.