என் பேத்தி மூட்டிய தீ

சொந்தங்களே, பேரப்பிள்ளைகள் சேதி: பெரிய பேரனுக்குப் பேங்கில் வேலை. சின்னவன் நர்சிங்கில் பாஸ். பேத்தி தாரணி சென்னையில் சினிமாவுக்குத் தீ, புகை, அனல் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்கிறாள்.

இன்று வில்லியனூர் பஸ் நின்றதும், எங்கள் ஊர்ப் பசங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனைச் சட்டையோடு கீழே இழுத்தார்கள். ஒருத்தன் கட்டையால் அடித்தான். மண்டை உடைந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"இன்னாடா பண்ணான் அவன்?"

"இவனுங்க ஊர்ல நம்ம ஜனத்து வூட்டக் கொளுத்திட்டானுங்க, பாரு ஆயா!" கட்டைக்காரன் போனை நீட்டினான்.

குடிசை எரிகிறது. மேலே அனலில் காற்று நெளிகிறது, பின்னால் தென்னைமரமும் சேர்ந்து நெளிகிறது. தாரணி எனக்கு அனுப்பிய அதே தீ! பட விளம்பரத்திலிருந்து எவனோ வெட்டி வாட்ஸ்அப் குரூப்பில் விட்டிருக்கிறான்.

"டேய், இது என் பேத்தி செஞ்சதுடா!"

"போ ஆயா. அனல் எப்படி ஆடுது பாரு. இதப் போயி செய்வாங்களா?" மறுபடி ஓங்கினான்.

அனல் சேர்க்கும் முன் அவள் அனுப்பிய வீடியோவும் என் போனில் இருந்தது. குறுக்கே போய் நின்று காட்டினேன். அதே குடிசை, அதே தீ. மரம் மட்டும் அசையவில்லை. தீ, காகிதம் ஒட்டினாற்போல இருந்தது.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கட்டை கீழே விழுந்தது.

அவனையே ஆட்டோ பிடிக்க வைத்து, பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். என் புடவையெல்லாம் ரத்தம்.

தாரணி, ஊரே உன் தீயைப் பார்த்துவிட்டது, உன் முகத்தைத்தான் பார்க்கவில்லை. புதுப் போட்டோ போடு கண்ணு. நான் கேட்டால் போடமாட்டாள், நீங்களும் கேளுங்கள். பின்னால் எதுவும் எரியாத போட்டோவாகக் கேளுங்கள்.