நான் சுரண்டிய ஒரு சாண்

என் மடியில் கிடக்கும் தேக்குக் கம்பு முழுக்கச் சாய்வான பட்டைகள். புகை நிறத்தில் ஒன்று, மரத்தின் நிறத்தில் ஒன்று என்று சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. மேல் முனையில் ஒரு சாண் மட்டும் பட்டை இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறது. அதைச் சுரண்டியவள் நான்தான். இத்தனை வருடமாகியும் அந்த இடத்தில் விரல் பட்டால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கம்பு அக்காவுடையது. கூடப்பிறந்த அக்கா அல்ல. இராஜபாளையத்தில் பேண்டேஜ் சுற்றும் கம்பெனியில் என் பக்கத்து மேசைக்காரி. கணவர் போன பிறகு மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடியில் ஒரு மாந்தோப்பும், அவருடைய நாட்டுத் துப்பாக்கியும் அவளுக்கு மிஞ்சின. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, நீளக் கம்பால் இடித்துக் கெட்டித்துச் சுடுகிற பழைய வகை. காட்டுப்பன்றி இறங்கினால் வெறும் மருந்தைக் கெட்டித்து ஒரு சத்தம் கொடுப்பாள். துப்பாக்கி இல்லாவிட்டால் தோப்பில் ஒரு கன்று நிற்காது, தோப்பை விற்க வேண்டியதுதான். வாங்கிப்போடப் பக்கத்துத் தோப்புக்காரர் தயாராகக் காத்திருந்தார். அக்கா லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டதும், பெண் கையில் துப்பாக்கி இருப்பது ஊருக்கே ஆபத்து என்று மனு எழுதிக் கொடுத்த புண்ணியவான் அவர்தான்.

மருந்து இடிக்கும் பழைய கம்பு விரிசல் விட்டிருந்ததால் அக்கா புதிதாக ஒன்று செய்தாள். கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் நாடாவை நனைத்து, இடைவெளி விட்டுச் சாய்வாகச் சுற்றி, அடுப்புத் தணலின் மேல் உருட்டி உருட்டிக் காட்டினாள். துணி மூடிய இடம் வெளுப்பாகவே நின்றது, மற்ற இடம் புகையேறிக் கறுத்தது. நல்லெண்ணெய் தேய்த்ததும் பட்டைகள் பளிச்சென்று எழுந்தன. "எதுக்குக்கா இம்புட்டு அலங்காரம்?" என்றேன். "எங்கையில இருக்கப்போறது. எனக்குப் பிடிச்ச மாதிரி இருக்கட்டுமே" என்றாள்.

லைசென்ஸுக்காகத் துப்பாக்கியைச் சரிபார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போக வேண்டிய காலையில் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதிகாரி சிரிப்பாரே, இதையே சாக்காக வைத்துத் தட்டிக் கழிப்பாரே என்று, அவள் சேலை மாற்றும் நேரத்தில் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு சாண் போவதற்குள் வந்து பிடுங்கிக்கொண்டாள். "நீ பயந்துக்கிட்டே வா. கம்பு எதுக்குட்டி பயப்படணும்?"

நான் பயந்தபடியே அதிகாரி சிரித்தார். "வளையல் போட்ட கம்பா? இது என்ன விளையாட்டுச் சாமானா? வீட்ல ஆம்பள யாராச்சும் இருந்தா வரச் சொல்லும்மா." பக்கத்துத் தோப்புக்காரரும் அன்று தன் துப்பாக்கியோடு வந்திருந்தார். அது மேசையில் கிடந்தது. காலித் துப்பாக்கிதான் என்று அவர் சொன்ன வாய்வார்த்தையே அங்கே போதுமானதாக இருந்தது.

அக்கா யாரையும் கேட்கவில்லை. தன் கம்பை அவர் துப்பாக்கிக் குழலுக்குள் மெல்ல இறக்கினாள். முட்டி நின்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து வெளியே எடுத்துப் பட்டைகளை எண்ணினாள். பன்னிரண்டு. பிறகு அதே கம்பைக் குழலின் வெளிப்பக்கமாக, வாயிலிருந்து அடிவரைக்கும் வைத்து எண்ணினாள். பதினான்கு.

"ரெண்டு பட்டை குறையுது சார். அந்த ரெண்டு பட்டைக்கும் உள்ள மருந்து கெடக்கு."

தோப்புக்காரர் போன வாரம் கெட்டித்ததைச் சுடாமல் மறந்திருக்கிறார். அதைத்தான் சாக்கில் சுற்றி, ஆட்கள் நிறைந்த டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் சத்தமில்லாமல் விலகினார்கள். ஊருக்கு ஆபத்து யார் கையில் என்று நான் உரக்கவே கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு அன்று சோறு இறங்கியிருக்காது.

அக்காவின் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. நாங்கள் கிளம்பும்போது அதிகாரி, "அந்தப் பட்டையை மட்டும் அழிச்சுரும்மா, பார்க்க நல்லால்ல" என்றார். "அழிச்சா எண்ண முடியாதுல்லா சார்" என்று சொல்லிவிட்டு அக்கா தன் துப்பாக்கி சுற்றிய சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அக்காவுக்கு மூட்டுவலி, தோப்புக்குள் நடக்க முடியவில்லை. லைசென்ஸை அவள் மகள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறார்கள். நாளை சரிபார்ப்பு. அதிகாரி இப்போது வேறு ஆள்தான், ஆனாலும் மகளிடமும் வீட்டில் ஆண்கள் இல்லையா என்று கேட்டிருக்கிறார். கம்பை என் மடியில் வைத்துவிட்டு அவள் தயங்கினாள். "சித்தி, மிச்சப் பட்டையையும் தேச்சுட்டுக் கொண்டு போயிருவமா?"

"உப்புத்தாளை எடுத்த, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றேன்.

கட்டிலில் இருந்த அக்கா சிரித்தாள். நான் பையிலிருந்து பேண்டேஜ் நாடாவை எடுத்து நனைத்தேன். மகளை அடுப்பு மூட்டச் சொன்னேன். நான் சுரண்டிய அந்த ஒரு சாணில் நாடாவைச் சாய்வாக, இறுக்கமாகச் சுற்ற ஆரம்பித்தேன்.