உபயம்: ஃப்ராவ் பொன்னியம்மன்

சென்ற வாரம் இங்கே ஜெர்மனியில் எங்கள் ஆய்வுக்கூடத்து மாணவி ஹைடி ஒரு மாநாட்டுக்காக வியன்னா போனாள். செயலாளர் அம்மா ஒரு தாளை நீட்டினார். ஹைடி ஒரு கையில் ரொட்டியைப் பிடித்தபடி மறுகையால் கையெழுத்துப் போட்டாள். ரயில், தங்கும் செலவு எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அவ்வளவுதான், மிச்ச ரொட்டியைத் தின்னப் போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு வழியனுப்ப யார் வருவார்கள் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, வியாழக்கிழமையே திரும்பிவிடுவேன் என்றாள். ஏதோ ஆபத்தான இடத்துக்குப் போகிறாள் என்று நான் பயப்படுவதாக நினைத்தாளோ என்னவோ, வியன்னா நல்ல ஊர்தான் என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

என்னை வழியனுப்பப் பொன்னேரி ஸ்டேஷனுக்கு ஒரு ஊரே வந்திருந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கம் அது, நான் மதராசில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி ஏகாம்பரம் மாமா கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தகரப் பட்டறையில் வேலைக்குப் போனவர். தகடு அழுத்தும் இயந்திரம் அவருடைய வலதுகையில் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது. பட்டறையும் கைவிட்டது, வலையும் பிடிக்க முடியவில்லை. மாமா வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவருக்கு ஒரு கை செய்ய ஆரம்பித்தேன். தோல்பட்டை, இரும்பு விரல்கள், அவற்றை இழுக்க வலை பின்னும் நைலான் நூல். தோளை அசைத்தால் விரல் திறக்கும், விட்டால் மூடும். நூல் எங்கே கட்டினாலும் வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, வலைக்கண்ணுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுக் கொடுத்தார், நின்றுவிட்டது. சொன்னால் பெருமை பேசுகிறான் என்பீர்கள். பேசத்தான் செய்வேன். மாமா மறுபடி கயிறு இழுத்தார்.

அந்தக் கையைப் பற்றி எழுதிய கட்டுரையை மேற்கு ஜெர்மனியில் நடந்த உயிர்மருத்துவப் பொறியியல் மாநாடு ஏற்றுக்கொண்டது. நேரில் வந்து விளக்க வேண்டும் என்றார்கள். பாதிச் செலவை யாராவது ஏற்றால் மீதியைப் பார்க்கலாம் என்றது கல்லூரி. யாராவது என்றால் யார்? இரண்டு பணக்காரர் வீட்டு வாசலில் காத்திருந்துவிட்டு, போவதில்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரிக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பேர். இறால் காலத்தில் பத்து நாள் பொன்னியம்மன் பாடு. அம்மன் பேரில் ஊரே கூலியில்லாமல் வலை கட்டும், வருகிற பணத்தில் திருவிழா நடக்கும். அம்மன் பாட்டில் இறங்கினவன் திரும்பி வந்து சன்னிதி முன்னால் நின்று, இன்னது கிடைத்தது என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அடுத்த வருஷம் வலை வெறுமையாக வரும் என்பார்கள்.

அந்த வருஷத்து அம்மன் பாட்டை எனக்குக் கொடுக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் யாரோ பேச்செடுத்தார்கள். சாமி சொத்தில் பிளேன் ஏறுவதா என்று சிலர் முறைத்தார்கள், நைனாவும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது மாமா எழுந்தார்.

"அம்மனுக்கு நாலு கை கீது. ஒரு வருசம் ட்யூப்லைட்டும் கூத்தும் இல்லாங்காட்டி கோச்சிக்க மாட்டா. எனுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ண இவன் குட்தான்."

பத்து நாளும் ஊரே ஏரியில் இறங்கியது. கல்லூரி கேட்ட பாதி வந்து, மிச்சத்தில் எனக்கொரு கம்பளிக் கோட்டும் வந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "போய்க்கினு வா. வந்து அம்மன் முன்னால இன்னா கெடச்சிதுன்னு சொல்லு."

மாநாட்டு வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உன் செலவை ஏற்பவர் பேர், விலாசம் என்று ஒரு கட்டம். எங்கள் ஊர்க் கணக்கில் அம்மன் பங்கை அம்மன் பேரில்தான் எழுதுவோம். அதே பழக்கத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், பொன்னியம்மன் என்று எழுதி எங்கள் குப்பத்தின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மேடையில் தலைவர், மாணவர்களை அனுப்பிவைத்த அமைப்புகளுக்கெல்லாம் வரிசையாக நன்றி சொன்னார். கடைசியில், இந்தியாவிலிருந்து ஃப்ராவ் பொன்னியம்மன் என்றார். இங்கே அது திருமதிக்குச் சமம். எல்லாக் கம்பெனிகளையும்விட அந்தத் தனியொரு பெண்மணிக்குத்தான் கைதட்டல் அதிகம். காபி நேரத்தில் தலைவர் என்னைத் தேடி வந்து அவரைப் பற்றி விசாரித்தார். வயதானவரா என்றார். வயது யாருக்கும் தெரியாது என்றேன். குழந்தைகள்? நிறைய என்றேன். நான் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. விளக்கிச் சொல்ல அப்போது என் ஜெர்மன் போதவில்லை, சொல்ல மனசும் வரவில்லை.

அந்த நைலான் முடிச்சைப் பார்த்துத்தான் இங்கேயே இருந்து வேலை செய்யச் சொன்னார்கள். கர்ப்பிணிகள் சாப்பிட்ட ஒரு மருந்தால் கையில்லாமல் பிறந்த பிள்ளைகள் இந்த நாட்டில் பலர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை, தங்கிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அம்மன் பாட்டில் இறங்கினவன் நான். கரைக்கு வந்து கணக்குச் சொல்லவில்லை. ஊர் என்னைத் திருடன் என்று நினைத்தால் நைனா எந்த முகத்தோடு ஏரியில் இறங்குவார்?

மாமாவின் கடிதம் வந்தது. நான் படிவத்தில் எழுதிய விலாசத்துக்கு, ஜெர்மனியிலிருந்து ஃப்ராவ் பொன்னியம்மனுக்கு ஒரு பதிவுத் தபால் வந்ததாம். யார் கையெழுத்துப் போடுவது என்று தபால்காரருக்குப் பேஜாராகிவிட்டதாம். கடைசியில் பூசாரி பெருவிரலை வைத்தாராம். இங்கிலீஷில் இருந்த அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சன்னிதி முன்னால் நின்று தமிழில் சொன்னாராம்: அம்மையே, தாங்கள் அனுப்பிவைத்த மாணவன் கொண்டுவந்த முடிச்சால் எங்கள் பிள்ளைகள் கரண்டி பிடிக்கிறார்கள். ஊரே எழுந்து நின்றதாம். நான் சொல்லியிருக்க வேண்டிய கணக்கை யாரோ ஒரு வெள்ளைக்காரர், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல், சொல்ல வேண்டியவளிடமே சொல்லிவிட்டார். கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

இங்கே வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டார் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். பேர் கூப்பிடுவார்கள். எதற்காக இருக்கிறாய், இன்னும் எத்தனை காலம் என்பார்கள். ஆராய்ச்சி என்பேன், இன்னும் ஒரு வருஷம் என்று முத்திரை குத்துவார்கள். ஊரிலும் பாடு பிரிக்கும்போது வருஷா வருஷம் எல்லார் பேரையும் கூப்பிடுவது உண்டு. பிழைக்கப் போனவன் பேரை அடித்துவிடுவார்கள், ஊர் வேலையாகப் போனவன் பேரை அடிக்க மாட்டார்கள். இந்த வருஷம் நான் முத்திரை வாங்கிய அதே மாதம் அங்கே என் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன்தான் போய்ட்டானே என்று யாரோ சொல்ல, கூட்டத்தில் வாயே திறக்காத என் நைனா எழுந்து நின்றாராம்.

"அம்மன் வேலையா போயிக்கிறான். வேல இன்னும் முடியல."

பெரியதனக்காரர் என் பேரை அடிக்காமல் அடுத்த பேரைக் கூப்பிட்டாராம்.