நான் ஒளித்து வைத்த நான்கு உறைகள்

நாங்கள் தருவைகுளத்தில் இருக்கிறோம். கணவர் தோணியில் கொழும்பு போய்விடுவார். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த மகள் ரெஜினாவைத் தூத்துக்குடிக்குத் தனியாக பஸ்ஸில் அனுப்பப் பயந்து, பாதியில் படிப்பை நிறுத்திவிட்டேன்.

சில வாரங்களில் அவள் பெயருக்குத் தடித்த உறை வந்தது. ஆண்பிள்ளைக் கையெழுத்து. காதல் கடிதம் என்றே நினைத்தேன். பிரிக்கவும் பயம், கொடுக்கவும் பயம். அடுத்தடுத்து வந்தவற்றையும் தெருமுனையிலேயே தபால்காரரிடம் வாங்கி, நான்கு உறைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். மகளோ சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினாள். என் சந்தேகம் இன்னும் கூடியது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் உறைகளை அவள் முன் போட்டேன்.

"ஏளா, யாரு இவன்?"

அவள் அழுதுவிட்டாள்.

"நம்ம கணக்கு சாரும்மா. பாடத்தத் தபால்ல அனுப்புதேன்னு சொன்னாரு. நீ ஏசுவியேன்னு சொல்லல. ஒண்ணுமே வரலியேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன்."

பிரித்தோம். பக்கம் பக்கமாகக் கணக்குகள். கடைசி உறையில், தனியாகப் பரீட்சை எழுதுவதற்கான விண்ணப்பம். மறுநாளே கடைசி நாள்! அப்போதே அதை நிரப்பி, இருவரும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய்க் கொடுத்தோம்.

தபாலில் வந்த பாடங்களைப் படித்தே ரெஜினா தேறிவிட்டாள். இப்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் உள்ளே வைத்துப் புழுங்குவதில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு நேரே கேட்டுவிடுகிறேன்.