மருதாயி சொல்லாத பெயர்

முதலில் உள்ளங்கை அரித்தது. உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பார்கள். எனக்கு வந்தது வேறு. அரிப்பு காதுமடலுக்கு ஏறியது, உதடு தடித்தது, தொண்டைக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி மூச்சு அடைத்தது. ஊசி போட்ட நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் இத்தனையும் நடந்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில், திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டில், ஒரு மார்கழி மதியம் நடந்தது இது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். யாரையும் சந்தியில் நிறுத்த இதை எழுதவில்லை. கட்டிலில் கிடப்பவர்களும், கட்டிலுக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ரங்கசாமி. அப்போது முசிறிக்கும் திருச்சிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். என் மனைவி மருதாயி உப்பிலியபுரத்துக்காரி. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் பலரும் அப்படித்தான். ஆனால் இவளுக்கு வந்த சங்கடம் கொஞ்சம் பெரிது. புருஷன் ரங்கசாமி, குடியிருப்பது ஸ்ரீரங்கம், கும்பிடுவது ரங்கநாதரை. மூன்றையும் சொல்ல முடியாது. சாமியைப் பெருமாள் என்பாள். ஊரைக் கோயில் என்பாள். பஸ்ஸில் ஏறினால் "அம்மா மண்டபம் ஒண்ணு" என்று காவிரிப் படித்துறை நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி வெயிலில் வீடு வரைக்கும் நடந்து வருவாள்.

"ஊர்ப் பேரைச் சொல்லி டிக்கெட் வாங்கினா என் ஆயுசு குறைஞ்சிடுமா?" என்று கேட்பேன்.

"உங்களுக்கென்ன, கேப்பீங்க. குறைஞ்சா நான்தானே அனுபவிக்கணும்" என்பாள்.

எங்களுக்குள் இது பழகிப்போன கிண்டல். ஒருநாள் அது என் தொண்டையைப் பிடிக்கும் என்று இருவருமே நினைக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் படுத்ததற்குக் காரணம் என் பஸ்தான். துருப்பிடித்த மட்கார்டு தகடு முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. மஞ்சளை அப்பிக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினேன். கால் தூண் மாதிரி வீங்கி, குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்ட பிறகுதான் டாக்டர் ஞாபகம் வந்தது. செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவி வீங்கும் நோய்) என்றார் பெரிய டாக்டர். அதற்குப் பென்சிலின் ஊசி போடுவது வழக்கம். முந்தைய வருஷம் தொண்டைப் புண்ணுக்கு அந்த ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துப் போனதைச் சொன்னேன். அவர் உடனே என் சார்ட்டை (காய்ச்சல், மருந்து விவரம் எழுதிக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டும் அட்டை) எடுத்து, சிவப்பு மையால் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்.

"இனிமே யாரும் உங்களுக்கு அதைப் போட மாட்டாங்க. நிம்மதியா இருங்க" என்றார்.

வேறு மாத்திரை கொடுத்தார்கள், தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். வீக்கம் வடிய ஆரம்பித்தது. நிம்மதியாகத்தான் இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் முசிறி வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர், வயதானவர். அவருக்கு நிமோனியா (நுரையீரலில் கிருமி தங்கிச் சளி கட்டுவது). பென்சிலின் ஊசி அவருக்குத்தான். அவர் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. மார்கழிக் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு நேராக அவர் நெஞ்சில் வந்து மோதியது. மனிதர் இருமி இருமிப் பேசக்கூட முடியாமல் கிடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பெரியவரே, நீங்க என் கட்டிலுக்கு வந்துடுங்க. எனக்குக் காத்து பழக்கம்தான். வண்டியில என் பக்கம் கதவே கிடையாது" என்றேன்.

அன்று காலை இடம் மாறினோம். வார்டு ஆயா எங்கள் போர்வை, டம்ளர், செருப்பு எல்லாவற்றையும் மாற்றி வைத்தாள். சார்ட்டை மட்டும் தொடவில்லை. நர்ஸைத் தவிர யாரும் சார்ட்டைத் தொடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அவள் விதியை மீறவில்லை.

எங்கள் வார்டின் மூத்த நர்ஸுக்கு ஒவ்வொரு முகமும் மனப்பாடம். அவர் இருந்திருந்தால் வாசலிலிருந்தே கண்டுபிடித்திருப்பார். ஆனால் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குக் காலரா தடுப்பூசி போட அவரை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பதிலுக்கு அன்று வந்தவர் பிலோமினா. படிப்பு முடித்து அதிக காலம் ஆகாத பெண். இரண்டு வார்டுக்கு அவர் ஒருவரே.

மதியம் பெரியவரை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். பிலோமினா தட்டோடு வந்து ஜன்னலோரக் கட்டிலின் சார்ட்டைப் பார்த்தார். புது இடம் என்பதால் சும்மா குத்திவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் இருந்த மருதாயியைக் கேட்டார்.

"இவரு பேரு என்னம்மா?"

மருதாயி தலையைக் குனிந்து சிரித்தாள். பிறகு விரலை நீட்டிக் கால்மாட்டுச் சார்ட்டைக் காட்டினாள். வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை ஒரு வரி விடாமல் படிப்பவள் அவள். சார்ட்டோ முழுக்க ஆங்கிலம். அதில் இருப்பது மண்டிக்காரரின் பெயர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஊசி குத்திய வலியில் விழித்தேன். எனக்கு ஊசியே கிடையாதே என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உள்ளங்கை அரித்தது.

அனாபிலாக்சிஸ் (ஒத்துக்கொள்ளாத மருந்தை எதிர்த்து உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கொந்தளிப்பது) என்று பிற்பாடு அதற்குப் பெயர் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டு குரல்கள். ஒன்று மருதாயியுடையது. என் காலைப் பிடித்துக்கொண்டு "என்னங்க, என்னங்க" என்று கதறினாள். அந்த நேரத்திலும் அவள் வாயில் பெயர் வரவில்லை. இன்னொன்று வராந்தாவில் ஓடிக்கொண்டே கத்திய பிலோமினாவின் குரல்.

"டாக்டர், பென்சிலின் போட்டேன்! நான்தான் போட்டேன்! மூச்சு விட முடியல டாக்டர்!"

பெரிய டாக்டர் ஓடிவந்து அட்ரினலின் (சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறந்து, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து) போட்டார். நெஞ்சு எகிறி எகிறி அடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போனது. காற்றுக்கு ஒரு ருசி உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிழைத்த மறுநாள் எனக்கு வந்தது நன்றியில்லை, கோபம். அந்தப் பெண்ணை வேலையை விட்டுத் துரத்தினால்தான் ஆச்சு என்று வார்டே அதிரக் கத்தினேன். விசாரணை முடியும் வரைக்கும் பிலோமினா வார்டுக்கு வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது எனக்குப் போதவில்லை.

மருதாயி வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. எனக்குக் கஞ்சி கொடுக்கவும் கிட்டே வரவில்லை. ஆயாதான் கொடுத்தாள். நான் மறுபடியும் பிலோமினாவைத் திட்ட ஆரம்பித்தபோது எழுந்து வந்தாள்.

"அந்தப் பொண்ணத் தொரத்துறதுன்னா என்னையும் தொரத்திடுங்க. காட்டுனது என் விரல்தானேங்க."

எனக்கு அதுவரைக்கும் விரல் கதை தெரியாது. அழுதுகொண்டே சொன்னாள். சொல்லி முடித்து, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"முசிறி ரோட்டுல வண்டி வாய்க்கால்ல இறங்கினப்ப ஊரே உங்கள அடிக்க வந்துச்சே. அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

மறக்குமா? பாலத்தின் ஓரக் கல் விழுந்து மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. பனியில் பாதை தெரியவில்லை. யாருக்கும் பெரிய அடியில்லை, ஆனாலும் சட்டையைப் பிடித்தார்கள். "என்னை அடிச்சுக்குங்க. அந்தக் கல்லை எடுத்து வைக்கலைன்னா நாளைக்கு இன்னொருத்தன் வண்டி இறங்கும்" என்று நான் கத்தினேன். அந்த வார்த்தையை வீட்டில் வந்து பெருமையாக வேறு சொல்லியிருந்தேன். இப்போது அதையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். விசாரணைக்கு என் வாக்குமூலம் வேண்டுமாம். எழுத உட்காருவதற்கு முன் அவரே பிலோமினா நின்ற இடத்தில் நின்று பார்த்தார். சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மருதாயியிடம் பெயர் கேட்டார். அவள் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, அந்தக் கையை வெளியில எடுங்க. அது ஒண்ணும் செய்யல" என்றார். "நான் சிவப்பு மையில எழுதினேன். அது உங்க வீட்டுக்காரரோட வரலை, கட்டிலோட நின்னுடுச்சு. நான் எழுதினது உங்களுக்குப் புரியாத பாஷையில. நர்ஸ் கேக்க வேண்டிய கேள்வியக் கேட்டாங்க. நீங்க தெரிஞ்ச பதிலச் சொன்னீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க. அந்தப் பொண்ணு பயந்துபோய் ஊசி போட்டத மறைச்சிருந்தா, காலுல இருக்கிற விஷம் ஏறிடுச்சுன்னு நான் கால்கட்டப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். நீங்க போயிருப்பீங்க. இப்ப அவங்கள வீட்டுக்கு அனுப்பிட்டா, அடுத்த தடவை எவங்களும் கத்த மாட்டாங்க. சரி, சொல்லுங்க. உங்க புகார் என்ன?"

மருதாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பதிலில் பிலோமினாவின் வேலை மட்டும் இல்லை, அவள் விரலும் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"ஜன்னலுக்குக் கொக்கி போடுங்க டாக்டர்" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். மண்டிக்காரர் இருமிக்கொண்டே சிரித்தார். மருதாயி மட்டும் அழுதாள். அன்று ராத்திரி அவள் கையாலேயே கஞ்சி கொடுத்தாள்.

கொக்கி போட்டார்கள். அதோடு, கட்டுத் துணியில் ஒரு துண்டு கிழித்து, அதில் தமிழில் பெயரும் ஆகாத மருந்தும் எழுதி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டினார்கள். கல்யாண வீட்டுக் காப்பு மாதிரி இருக்கிறது என்று வார்டே கேலி பேசியது. எனக்கு அது பிடித்திருந்தது. நான் எந்தக் கட்டிலுக்குப் போனாலும் அது என்னோடு வந்தது.

விசாரணை முடிந்து பிலோமினா திரும்பி வந்தார். தட்டில் ஊசி இல்லை, இரண்டு மாத்திரைதான். ஆனாலும் முதலில் என் மணிக்கட்டைப் பார்த்தார். அது போதாமல் மருதாயியைப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டார்.

"இவரு பேரு என்னம்மா?"

மருதாயி எழுந்து நின்றாள். ஜன்னல் வழியே கோயில் இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்தாள். பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதைப் போல ஒரே மூச்சில் சொன்னாள்.

"ரங்கசாமி. ஸ்ரீரங்கம். பென்சிலின் ஆகாது."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிலோமினா தட்டை வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். என் பெயரை ஆயிரம் பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலாளி கூப்பிட்டார், போலீஸ்காரர் கூப்பிட்டார், கோபத்தில் பயணிகள் கூப்பிட்டார்கள். அது இத்தனை நல்ல பெயர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் நானும் அழுதேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மருந்து வரும்போது பெயரைச் சொல்லுங்கள். எது ஆகாது என்பதையும் சொல்லுங்கள், நேற்றே சொல்லியிருந்தாலும் மறுபடி சொல்லுங்கள். கட்டில் மாறினால் மாறிவிட்டது என்று சொல்லுங்கள். தப்பு நடந்தால், கத்திச் சொன்னவரின் சட்டையைப் பிடிக்காதீர்கள். கோபம் வரும், எனக்கும் வந்தது. அந்தக் கோபத்தோடேயே எந்தக் கல் எப்போது விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

வருஷங்கள் ஓடி அறுபதுகளும் முக்கால்வாசி முடிந்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்துத் தடித்துப்போயிருக்கிறது. மழை வருமுன் அந்த இடம் சொல்லிவிடும். முன்பெல்லாம் என் உடம்பை ஒரு வண்டியாகத்தான் நினைத்திருந்தேன். ஓடும் வரைக்கும் ஓட்டுவது, நின்றால் ஷெட்டில் விடுவது. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. காலையில் கண் விழித்ததும் மூச்சு ஒரு தடவை முழுசாகப் போய் வருவதைக் கவனித்துவிட்டுத்தான் எழுகிறேன். அவசரம் என்று எதுவும் இல்லாமல் போய்விட்டது.

மருதாயி இன்றும் பஸ்ஸில் அம்மா மண்டபத்துக்குத்தான் டிக்கெட் வாங்குகிறாள். வீட்டில் நான் இன்றும் "என்னங்க"தான். மருந்துக்கு மட்டும் அந்த விதி கிடையாது. சாதாரணத் தலைவலி மாத்திரையாக இருந்தாலும், தண்ணீர் டம்ளரோடு கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "ரங்கசாமி. ஸ்ரீரங்கம். பென்சிலின் ஆகாது" என்று சொன்ன பிறகுதான் கையில் கொடுப்பாள்.

சில நாள் தலை வலிக்காமலே போய்ப் படுத்துக்கொள்கிறேன்.