அப்புவின் வள்ளத்தின் பெயர்

எழுவைதீவு மீனவர் சங்கத்துக்கு நான் செய்துகொடுத்த செயலியில் இருந்ததெல்லாம் மீன்பாடுள்ள இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகள்தான். போன் கடலில் விழுந்தால் புள்ளிகளும் போய்விடும் என்பதால் அவற்றைச் சேர்வரில் வைத்துத் தரச் சொன்னார்கள். கூடப்பிறந்தவனுக்கும் காட்டாத இடங்கள் அவை என்பதால் ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் வைத்தேன்.

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது, திரும்பப் பிரித்தெடுக்க முடியாத எழுத்துக்கோவையாக அரைத்து வைக்க வேண்டும். அதைத்தான் ஹாஷ் என்கிறோம். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு லைப்ரரிகள், அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்கள், கொட்டிக் கிடக்கின்றன. நான் ஓர் அவசரக்குடுக்கை. வேகமானது நல்லது என்று நினைத்து, கையில் அகப்பட்ட ஒன்றைப் போட்டுவிட்டேன்.

ஒருநாள் புளியங்கூடல் வீட்டிலிருந்து சேர்வரில் இருந்த கோவைகளின் பட்டியலைப் பார்த்தபோது இரண்டு பேருக்கு ஒரே கோவை இருந்தது. அண்ணன், தம்பி. வலைத் தகராறில் பேச்சை விட்டு நாலு வருடமானவர்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஊரறிந்த அவர்களுடைய தகப்பனின் பழைய வள்ளத்தின் பெயரை அரைத்துப் பார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது. வெட்கமாகப் போய்விட்டது. பட்டியல் அகப்பட்டால் யாரும் இதைச் செய்யலாம்.

லைப்ரரியை மாற்றி பிக்ரிப்ட் என்ற ஒன்றைப் போட்டேன். ஊகித்து ஊகித்துப் பார்ப்பவன் களைத்துப்போக, அது வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும். ஆளுக்காள் வேறு எழுத்துகளைக் கலப்பதால், ஒரே சொல்லும் வேறு வேறு கோவையாகும். ஆனால் தம்பி தன் சொல்லை அண்ணனின் கணக்கில் அடித்தால் அது திறக்கத்தான் செய்யும். அதற்கு எந்த லைப்ரரியிலும் மருந்தில்லை. அதை அண்ணனிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் புதுச் சொல் போட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பொதுவாக அறிவித்தேன்.

அண்ணன் கதிரையை விட்டு எழும்பினார்.

“பிள்ளை, என்னால மாத்த ஏலாது. அது எங்கட அப்புவின்ர வள்ளத்தின்ர பேர்.”

சபை நடுவில் கடவுச்சொல்லைச் சொல்கிற மனிதரை என்ன செய்வது! எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சிலர் சிரித்தார்கள். கதவடியில் நின்ற தம்பி சிரிக்கவில்லை.

“பிள்ளை, என்ரயும் அதுதான்,” என்றார் என்னிடம்.

அண்ணன் திரும்பினார். “அப்ப என்ர இடமெல்லாம் பாத்தனியோ?”

“எனக்கெப்பிடித் தெரியும் அண்ணை, நீங்களும் அதைத்தான் வச்சிருக்கிறியள் எண்டு?”

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனார். இருவரும் அங்கேயே நின்று சொல்லை மாற்றினார்கள். மறுபடியும் ஒரே சொல்லோ என்னவோ. புது லைப்ரரியில் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க என்னாலும் முடியாது.