கறுத்த டாலர், வெளுத்த டாலர்

1. 'குட்' என்றால் மோசம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முருகவேல் என் முன்னால் இரண்டு வெள்ளி டாலர்களை வைத்தார். "அக்கா, இதுல எது நல்லதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். ஒன்று கண்ணாடி போல மின்னியது. இன்னொன்று ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் தேன் நிறம் ஏறி, கழுவாத பித்தளைக் கரண்டி மாதிரி இருந்தது. நான் மின்னியதைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது தேய்ச்சுக் கழுவின காசுக்கா. அதுக்கு மதிப்பு போயிடுச்சு. இந்தக் கறுப்புதான் அழகே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செராமிக் யூனிட்டில் தரம் பிரிக்கும் செக்‌ஷனில் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். கப்போ சாஸரோ பொம்மையோ, மேல்பூச்சான கிளேஸ் பளபளவென்று இருந்தால் ஃபர்ஸ்ட். ஒரு கரும்புள்ளி தெரிந்தால் செகண்ட்ஸ். முழங்கால் வலியோடு ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா கிடந்தவளை, "தரம் பாத்த கண்ணு வேணும்க்கா" என்று கூப்பிட்டதே முருகவேல்தான். வந்த அன்றைக்கே அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கச் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

டாலர் என்றதும் கழுத்துச் செயினில் மாட்டுவது என்று நினைக்க வேண்டாம். இது அமெரிக்காவில் அந்தக் காலத்தில் புழங்கிய வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் இறக்கை விரித்த கழுகு. நம் பத்து ரூபாய்க் காசைவிட நன்றாகப் பெரிதாக இருக்கும். விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போகிற வழியில் முருகவேலுக்கு ஒரு செல்போன் கடை. முன்பக்கம் ரீசார்ஜ், கூரியர். பின்பக்க மேசையில் இந்த டாலர் வியாபாரம். ஆன்லைனில் வாங்குவார், ஆன்லைனிலேயே விற்பார். வயதில் எனக்குச் சின்னவர், ஆனால் சம்பளம் தருகிறவர். அதனால் 'தம்பி' என்று கூப்பிட்டு, 'ங்க' போட்டுப் பேசுவேன்.

தரத்துக்கு வைத்திருக்கிற பெயர்கள் இன்னும் கொடுமை. 'குட்' என்றால் முகமே அடையாளம் தெரியாமல் தேய்ந்த காசு. 'ஃபைன்' என்றால் பாதி தேய்ந்தது. கை மாறவே மாறாத புதுக்காசு 'அன்சர்குலேட்டட்'.

"மோசமானதுக்கு குட்டுன்னு பேரு வச்சது யாருங்க தம்பி?"

"எனக்கும் தெரியாதுக்கா. அப்படியே மனப்பாடம் பண்ணிக்கங்க."

2. படத்தைப் பார்த்து வாங்குவது

ஆன்லைனில் காசு கையில் இல்லை, படம்தான் இருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கீறல் தெரியாது. அதனால் விற்கிறவரிடம் வெளிச்சம் சாய்வாக விழுகிற மாதிரி இன்னொரு படம் கேட்க வேண்டும். படத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெண்ணின் காதுக்கு மேலே உள்ள முடி, பிறகு கழுகின் மார்பு. மேடான இடங்கள் அவைதான், அங்கேதான் முதலில் தேயும். பார்சல் வந்ததும் எடை போட வேண்டும். இருபத்தாறே முக்கால் கிராமை ஒட்டி நிற்க வேண்டும். காந்தத்தில் ஒட்டக் கூடாது.

இதெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. பழகாதது என் கை. யூனிட்டில் கப்பை விரல் நுனியில் நிறுத்தி, சின்னக் கட்டையால் தட்டுவோம். கணீரென்றால் நல்ல கப். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். டாலர் வந்ததும் என் கை தானாக எடுத்து, இன்னொரு டாலரால் தட்டிவிட்டது. முருகவேல் போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தார்.

"தட்டாதீங்கக்கா! ஓரம் நசுங்குனா யாரு வாங்குவாங்க?"

ஒரு தடவை ஒரு டாலரில் ஊசி குத்தினாற்போல் சின்னத் துளைகள் தெரிந்தன. கிளேஸில் வருகிற பின்ஹோல் மாதிரியே இருந்தது. சொன்னேன். அது அச்சில் ஊற்றிய போலி என்று ஆகிவிட்டது. முருகவேல் எனக்கு டீயும் வடையும் வாங்கித் தந்தார். அடுத்த வாரம் இன்னொன்றைப் பார்த்து, "இதுலயும் குழியா இருக்குது, போலிங்க" என்றேன். அது போலி இல்லை. அந்தக் காலத்தில் மூட்டைக்குள் காசோடு காசு இடித்ததில் விழுந்த தழும்பாம். அன்றைக்கு டீ மட்டும்தான்.

3. கார்டு ஐயா வீட்டு டப்பா

ஒரு சனிக்கிழமை காலை கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தனலட்சுமி என்ற ஒரு அம்மா இறங்கினார். அவருடைய கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அவரை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு, அம்மா மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு உள்ளே வந்தார்.

"எல்லாம் இவரு போன்லயே பாத்துப் பாத்து வாங்குனதும்மா. ரிட்டயர் ஆனதுலேருந்து இதே வேலைதான். அப்பா போலியை வாங்கி நல்லா ஏமாந்துட்டாரு, உருக்கி ஒரு வெளக்கா பண்ணிடலாம்னு எம் பொண்ணு சொல்றா. அவரு எதிர்லயே சொல்றா. பேச்சுதான் வரல, காது நல்லாக் கேக்குது அவருக்கு. இது நெசமா போலியான்னு மட்டும் சொல்லிடுங்க. போலின்னா உருக்கிட்டுப் போறேன்."

டப்பாவைத் திறந்ததும் பழைய கண் பழக்கத்தில் என் முகம் மலர்ந்துவிட்டது. எல்லா டாலரும் ஜொலித்தன. பழைய செக்‌ஷனில் இருந்திருந்தால் மொத்தத்தையும் ஃபர்ஸ்ட் என்று தள்ளியிருப்பேன். ஒவ்வொன்றாக எடை போட்டேன், காந்தம் வைத்தேன், ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முருகவேலும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் போலி இல்லை.

"எல்லாம் அசல்தாம்மா. உங்க வூட்டுக்காரரை ஒருத்தரும் ஏமாத்தல" என்றேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் முருகவேல் முகத்தில் ஈ ஆடவில்லை. அவர் போனை என் பக்கம் மெல்லத் திருப்பிக் காட்டினார். டப்பாவில் இருந்த ஒரு டாலர் அவரே கார்டு ஐயாவுக்கு விற்றது. விற்கும்போது எடுத்த படம் போனில் இருந்தது. அதில் அந்தக் காசு ஓரத்தில் நீலமும் கறுப்புமாக, மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. இப்போது மேசையில் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"ஏந்தம்பி மூஞ்சி சுருங்கிப் போச்சு?" என்று அம்மா கேட்டார்.

வேண்டாம் என்று நான் கண் ஜாடை காட்டினேன். அசல் என்று சொல்லியாயிற்று, சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டுமே என்று தோன்றியது. முருகவேல் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கடைசியில் கேட்டே விட்டார்.

"இத யாராச்சும் தேய்ச்சீங்களாம்மா?"

"நான்தான் தேய்ச்சேன். கறுத்துப் போயிக் கெடந்துது. நாலு பேரு பாக்குறப்ப நல்லா இருக்கணும்ல? துன்னூறு போட்டு, பூஜை சாமான் தேய்க்கிற மாதிரி ஒவ்வொண்ணா தேய்ச்சு எடுத்தேன்."

குரலில் பெருமை இருந்தது. திருநீறு போட்டுத் தேய்க்காத வெள்ளிக் குங்குமச்சிமிழ் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இருக்காது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்தக் கறுப்பு தானாக ஏறப் பல வருஷம் ஆகும், சேகரிக்கிறவர்கள் அதற்காகத்தான் தேடி வாங்குவார்கள், தேய்த்தால் வெள்ளி மிஞ்சும், அந்தத் தரம் மிஞ்சாது என்று முருகவேல் தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா மேசையில் கிடந்த டாலரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தேய்க்கிறப்ப அவரு கட்டில்ல படுத்துப் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. இடது கைய இப்படி இப்படி ஆட்டுனாரு. அவரு ஆசையா வாங்குனதைத் தொடைச்சு வைக்கிறேன்ல, சந்தோஷத்துல ஆட்டுறாருன்னு நெனச்சேன். நெனச்சு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன்."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன்.

அம்மா முருகவேல் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இது மறுபடியும் கறுக்குமா?"

"கறுக்கும்மா. தொடாம வச்சிருந்தாத் தானா கறுக்கும். ஆனா வருஷக்கணக்காவும்."

"ஆவட்டும். அதுவரைக்கும் அவரு இருந்தாருன்னா போதும்."

கறுத்தாலும் பழைய தரம் திரும்பாது என்பதை முருகவேல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா டாலர்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து மூடினார். "போயிட்டு வரேன்" என்று ஆட்டோவில் ஏறி, கணவரின் காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். ஏமாறவில்லை என்பதை முதலில் சொன்னாரா, தேய்த்ததற்கு மன்னிப்பு முதலில் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

4. நான் கற்றுக்கொண்டது

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அசலா என்பது ஒரு கேள்வி. என்ன தரம் என்பது வேறு கேள்வி. காசைக் கொண்டு வருகிறவர் எதைக் கேட்கிறாரோ, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். அடுத்த கேள்விக்கான பதிலைச் சொல்லத்தான் வேண்டுமா என்பதில் நானும் முருகவேலும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. மறைத்தால் நாளைக்கு மறுபடியும் தேய்ப்பார் என்பது அவர் கட்சி. அவர் சொல்வது சரி என்று காலையில் தோன்றும், சாயங்காலம் தோன்றாது.

இப்போது நாங்கள் விற்கிற ஒவ்வொரு டாலரோடும் ஒரு சீட்டு வைத்து அனுப்புகிறோம். 'கறுத்தாலும் தேய்க்காதீர்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்' என்று தமிழில் நான்தான் எழுதினேன். ஏற்கெனவே தேய்த்துவிட்டவர்களுக்கு என்ன எழுதுவது என்று முருகவேல் ஒருநாள் கேட்டார். பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றி, மறுபடியும் போட்டு வைத்தேன்.